நாவலிலிருந்து வந்து இறங்கியவர்கள்

திருப்பூருக்கு வந்து இறங்குகிற ஆளை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. தேனியிலிருந்து வருவார்கள், தஞ்சாவூரிலிருந்து வருவார்கள், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பீகார் ஊர்களிலிருந்து ரயில் ரயிலாக வருவார்கள். வந்தவன் பையைக் கீழே வைப்பதற்குள் பனியன் கம்பெனியில் அவனுக்கு ஒரு மிஷினும், லைன் வீட்டில் படுக்க ஒரு மூலையும், மெஸ்ஸில் ஒரு தட்டும் தயாராகிவிடும். அதனால்தான் நாச்சிமுத்து காம்பவுண்டில் குடியிருந்த ரேணுகா தன் நாவலிலிருந்து வெட்டிப்போட்ட தாய்மாமன் காளிங்கன், மறுநாள் காலையில் முதல் மினிபஸ்ஸில் வந்து இறங்கி, கக்கத்தில் குடையோடு பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் நின்று "மணி என்னங்க ஆச்சு?" என்று கேட்டபோது, குடம் வைத்திருந்த பெண்களில் ஒருத்திகூடக் கூச்சல் போடவில்லை. "ஏழேகாலுங்க, கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, தண்ணி தெறிக்குது" என்றுதான் சொன்னார்கள்.

ரேணுகாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருவதைத் திருப்பிப் பார்த்து, தொங்குகிற பிசிறை டிரிம்மர் கத்திரியால் நறுக்கி அடுக்க வேண்டும். அவள் அப்பா சென்னியப்பன் அதே கம்பெனியில் டெய்லராக இருந்தார். பல்லடம் ரோட்டில் சைக்கிளில் வேலைக்குப் போனவரை ஒரு லாரி தட்டிவிட்டு நிற்காமல் போயிற்று. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போய், வீட்டில் அம்மா மயிலாத்தாளும் அவளும் மட்டும் மிஞ்சியபோது ரேணுகா எழுத ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி வேனில், குழாயடி வரிசையில் என்று போனில் தட்டித் தட்டி எழுதி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தபோது அது தலையணை உயரத்துக்கு வந்து நின்றது. அப்பா சாகாமல் இருக்கிற புத்தகம் அது. சாவு கடைசிப் பக்கங்களில்தான் வரும், அதுவரைக்கும் அவர் நடந்துகொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பார். அது அச்சாக வேண்டும், அதில் அப்பா சரியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

கோயம்புத்தூர்ப் பதிப்பாளர் ஒருவர் அந்தக் காகிதக் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஆளைக் கொல்ற கனம். புஸ்தகம் போட்டவங்க ரெண்டு பேர்கிட்டக் காட்டு, அவங்க சொல்றபடி திருத்தி, பாதியாக் கொறச்சுக் கொண்டு வா. போட்டுரலாம்" என்றார்.

அவள் முதலில் போனது எழுத்தாளர் அருவிநாடனிடம். பெரிய மனிதர். அலமாரி நிறைய அவர் எழுதிய புத்தகங்கள், சுவர் நிறைய அவர் வாங்கிய விருதுகள், அவரைத் தவிர அந்த வீட்டில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்த மாமன் எதுக்கு?"

"சும்மா வந்து போறாருங்க சார்."

"சும்மா வந்து போறவங்களுக்கு நாவல் என்ன சத்திரமா? வெட்டு."

ரேணுகா வீட்டுக்கு வந்து வெட்டினாள். பேனாவால் அடிக்கத் தெரியவில்லை அவளுக்கு. கையில் பழகிய டிரிம்மரை எடுத்து, மாமன் வருகிற வரிகளைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பசை போட்டு ஒட்டினாள். நறுக்கிய துண்டுகளைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. பனியன் ஊரில் வெட்டித் தள்ளிய துணி எதுவும் குப்பைக்குப் போகாது. கட்டிங் வேஸ்ட் என்று நிறம் நிறமாகப் பிரித்துச் சாக்கில் கட்டி வைப்பார்கள், அது மிஷின் துடைக்கவோ மெத்தை அடைக்கவோ எங்காவது போய்ச் சேரும். அந்தப் பழக்கத்தில் அவளும் காகிதத் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அங்கதான் கண்ணு நீ தப்புப் பண்ணிப்போட்ட" என்று மெஸ் நடத்தும் ருக்மணியக்கா பிற்பாடு விளக்கினாள். "குப்பைல போட்டிருந்தா குப்பைக்குப் போயிருப்பாங்க. சாக்குல கட்டி வெச்சா, என்னைக்காவது வேலைக்கு ஆகும்னுதான அர்த்தம்? வந்துட்டாங்க." இது எப்படி நடந்தது என்பது பற்றிக் காம்பவுண்டில் நடந்த ஆராய்ச்சி அவ்வளவுதான். அதற்கு மேல் ஆராய யாருக்கும் நேரமில்லை, ஷிப்டுக்கு மணியாகிவிட்டது.

காளிங்கனை மெஸ்ஸில் உட்கார வைத்து ருக்மணியக்கா விசாரித்தாள்.

"எந்த ஊருங்க உங்களுக்கு?"

"எழுதலீங்க."

"கல்யாணம் காச்சி?"

"அதும் எழுதலீங்க."

"செரி, காலைல என்ன சாப்பிடுவீங்க?"

அந்த மனுஷன் முகம் தொங்கிப்போயிற்று. "அந்தப் பாப்பா எனக்கு ஒரு குடை குடுத்துச்சு. பாக்கற எடத்துலயெல்லாம் மணி கேக்க வெச்சுச்சு. அவ்வளவுதாங்க என்ற வாழ்க்கை."

ருக்மணியக்காவுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. கரண்டியோடு ரேணுகா வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஏங்கண்ணு, ஒரு மனுசனை உண்டாக்கறவ, அவன் இட்லி திம்பானா தோசை திம்பானான்னு ரோசிக்க மாட்ட? பெத்துப் போட்டுட்டுப் பேரு வெக்காமப் போறமாதிரி!"

பிறகு காம்பவுண்டே கூடி அவருக்கு வேண்டியதைச் செய்தது. ஊர் வெள்ளகோவில் பக்கம் என்று முடிவாயிற்று. பொங்கல் பிடிக்கும், கத்திரிக்காய் ஆகாது. கல்யாணம் நின்றுபோன ஒரு பழைய சங்கடம் உண்டு, அதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. மணியில் இவ்வளவு அக்கறை உள்ள ஆளை வீணாக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் நாச்சிமுத்து அவரைக் கேட்டுக்கு வாட்ச்மேனாகப் போட்டார். கொஞ்ச நாளில் காளிங்கனுக்குப் பக்கத்துக் காம்பவுண்டு வாட்ச்மேனோடு தீராத பகை ஒன்றும், சீரியல் பார்க்கும்போது கண் கலங்கும் வழக்கமும் வந்துவிட்டன. வேலை முடிந்து வரும் ரேணுகாவிடம் "இன்னிக்கு லேட்டு" என்று அவர் முறைக்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்படி எழுதியிருந்தால் அருவிநாடன் வெட்டச் சொல்லியிருப்பாரா?

அந்த நினைப்பில், ஒரு நாள் காலையில், சாக்கிலிருந்து துண்டுகளை எடுத்து மறுபடியும் ஒட்டிப் பார்த்தாள். மெஸ்ஸில் பொங்கல் தின்றுகொண்டிருந்த காளிங்கன் இல்லாமல் போனார். இலையும் பாதிப் பொங்கலும் இருந்தன. காம்பவுண்டு மொத்தமும் திரண்டு வந்து சண்டை போட்டது. பதறிப்போய் அவள் திரும்ப வெட்ட, அடுத்த நாள் மினிபஸ்ஸில் வந்து இறங்கியவர், மணிகூடக் கேட்காமல், "என்ற பொங்கல் எங்கீங்க?" என்று கேட்டார். அன்றைக்கே சட்டம் போட்டார்கள்: வெட்டினால் வெட்டினதுதான், ஒட்டக் கூடாது.

அடுத்து வந்தது மழை. மழை வர்ணனை நீளம், வாசகன் நனைந்துவிடுவான் என்று அருவிநாடன் சொல்லியிருந்தார். அவளும் கூசாமல் வெட்டினாள். மறுநாள் வானத்தில் ஒரு மேகம் இல்லை, தெருவில் வெயில் கொளுத்துகிறது, நாச்சிமுத்து காம்பவுண்டின் சுற்றுச்சுவருக்குள் மட்டும் அவள் எழுதியபடியே, முதலில் மண்வாசனை, பிறகு தூறல், பிறகு ஓட்டில் சடசடவென்று கொட்டி, நாவலில் இருந்த அதே தவளை கடைசியில் கத்த, மழை பெய்து ஓய்ந்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்துபோனதில் பெண்களுக்கு எரிச்சல். "மழையை வெட்டறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டக் கூடாதா?" என்று திட்டிக்கொண்டே அண்டா, குண்டா, குடம், வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற இடம் அது. பிடித்து முடித்த பிறகு குரல் இறங்கியது. "ஏம்மா ரேணு, இன்னும் மழை இருக்குதா உன்ற கதைல?"

அதுவரை இலக்கியம் என்றால் என்னவென்று கேட்டிராத காம்பவுண்டு, அன்றிலிருந்து ஒரு நாவலை வரிவரியாக விசாரித்தது. அதில் ஆஸ்பத்திரிக் காட்சி வருகிறது என்று தெரிந்ததும் ஒரு தூதுக்குழுவே வந்தது: சீக்குன்னா டவுனுக்கு ஓடவேண்டியிருக்குது, அந்த நர்ஸம்மாவை வெட்டிக் குடு. கொடுத்தாள். நர்ஸ் எஸ்தர் வெள்ளை உடுப்பில் வந்து இறங்கினாள். அருமையான கை, வலியே தெரியாது, ஆனால் இடது கையில் மட்டும்தான் ஊசி போடுவாள், ரேணுகா அப்படித்தான் எழுதியிருந்தாள். ஜனங்கள் இடது கையை நீட்டப் பழகிக்கொண்டார்கள். இப்படி வெட்ட வெட்டக் கட்டு இளைத்தது, காம்பவுண்டு பெருத்தது. பதிப்பாளர் கேட்ட பாதி இன்னும் வரவில்லை. அதனால் ரேணுகா ஈரோட்டுக்கு, எழுத்தாளர் வசுந்தராவைப் பார்க்கப் போனாள்.

வசுந்தரா வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே கல்யாண வீட்டுக் கூட்டம். ஒருத்தி காய் நறுக்குகிறாள், ஒருவர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார், மாடிப்படியில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். "எல்லாம் என் நாவல்ல இருந்து வெட்டினவங்கதாம்மா. நான் வேலைக்கு ஆளே வெச்சதில்ல" என்றாள் வசுந்தரா. ரேணுகாவுக்கு அப்பாடா என்று இருந்தது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று உள்ளூர ஒரு பயம் இருந்தது அவளுக்கு.

வசுந்தரா கட்டை வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்கப்பா ரொம்ப நல்லவரா இருக்காரும்மா. குடம் தூக்கறார், கோலத்துக்குப் பொடி வாங்கித் தர்றார், ஒரு கோவம் இல்ல, ஒரு பொய் இல்ல. இப்படி ஒருத்தர் நடுவுல நின்னா மத்தவங்க யாருக்கும் வேலையில்ல. வெட்டிடு. நாவலும் பாதியாகும், வீட்டுக்கு அப்பாவும் வந்துருவார். யாருக்குக் கிடைக்கும் இது?"

ரேணுகா கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவை வெட்டினால் அப்பா வருவார். இவ்வளவு நாள் அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான் என் தம்பியை அப்படித்தான் வரவெச்சேன்" என்று வசுந்தரா ஜன்னலோரம் காட்டினாள். மஞ்சள் காமாலையில் போன தம்பியாம். பிளாஸ்டிக் நாற்காலியில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தான். "அக்கா, சாப்ட்டியா?" என்று கேட்டு அழகாகச் சிரித்தான். சாப்பிட்டேன் என்றாள் வசுந்தரா. கொஞ்சம் பொறுத்து "அக்கா, சாப்ட்டியா?" என்று அதே சிரிப்பு. "பாரேன், இவனுக்குக் கோவமே வராது" என்றாள் பெருமையாக. சிறு வயதில் அவன் கடித்த தழும்பு ஒன்று அவள் முழங்கையில் இருந்தது. பேசும்போதெல்லாம் அவள் விரல் அங்கேயே போய் வந்தது.

ஈரோட்டிலிருந்து திரும்பிய பஸ்ஸில் ரேணுகா அழுதாள், சிரித்தாள், பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலோரத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ருக்மணியக்காவிடம் மட்டும் சொன்னாள். அவள் காம்பவுண்டிடம் மட்டும் சொன்னாள்.

பிறகென்ன! விபத்தில் கோணிப்போய் மூலையில் கிடந்த சைக்கிளை யாரோ தூக்கிக்கொண்டு போய் ரிம் நிமிர்த்திக் கொண்டுவந்து, செயினுக்கு எண்ணெயும் போட்டு நிறுத்தினார்கள். கம்பெனி சூப்பர்வைசர் சென்னியப்பனின் பழைய மிஷினைத் துடைத்து வைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வெட்டினால் திங்கட்கிழமை வந்துவிடுவார், குளித்துச் சாப்பிட்டுத் தூங்கட்டும், செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகலாம் என்று நாள் குறித்தார்கள். மயிலாத்தாள் பெட்டியிலிருந்து புருஷன் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டாள். பொழுது சாய்ந்ததும் எடுத்து மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "வெட்டறதுக்கு முந்தி ஒருக்காப் படி. வர்ற ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கறேன்."

ரேணுகா படித்தாள். விடிகாலையில் அப்பா எழுந்து, அம்மாவை எழுப்பாமல், குழாயடிக்குப் போய்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிற இடம். அவள் எழுதியதிலேயே அழகான இடம் அதுதான்.

"இது யாரு?" என்றாள் மயிலாத்தாள்.

"அப்பாம்மா."

"உங்கொப்பன் எந்தக் காலத்துல தண்ணி தூக்குனான்? குடத்துக்குக் காது எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது அவனுக்கு." குரல் உயர்ந்தது. "இந்த ஆளு ரொம்ப நல்ல மனுசன். நல்லா இருக்கட்டும். ஆனா எனக்குப் பழக்கமில்ல கண்ணு. இவனுக்கு நான் என்ன கொழம்பு வெக்கறது, எதுக்குச் சண்டை புடிக்கறது? என்ற புருசன் மூஞ்சியை வெச்சுக்கிட்டு இன்னொருத்தன் வந்து ஊட்டுல உக்காந்தா, காம்பவுண்டு ஒத்துக்கும், நான் எப்படி ஒத்துக்குவேன்?"

ரேணுகாவுக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது. டிரிம்மரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப நீ சொல்லும்மா. அவரு எப்படி?"

அன்றைக்கு ஆரம்பித்த மயிலாத்தாள் நிறுத்தவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டும் பாத்திரம் விளக்கிக்கொண்டும் சொன்னாள். சில இடங்களில் கையிலிருந்த துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு சொன்னாள். சோற்றில் கை வைப்பதற்கு முன்பே உப்பில்லை என்கிறவன். ஏற்றுமதித் துணியில் அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பான், எப்போதும் வலது கை இறுக்கும், கேட்டால் உன் கைதான் தடித்துப்போயிற்று என்பான், செத்தாலும் தன் அளவு தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டான். பீடியை விட்டுவிட்டதாகப் பழனி முருகன் மேல் சத்தியம் செய்துவிட்டுக் குழாயடிக்குப் பின்னால் நின்று பிடிப்பான். ரேணுகா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஆளைக் காணோம், சினிமாவுக்குப் போய்விட்டான், சட்டைப் பையில் டிக்கெட். மயிலாத்தாள் அவனோடு மாதக் கணக்கில் பேசவில்லை. பிறகு ஒருநாள் மிஷினை மிதித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னானாம்: "நீ கத்தறதைக் கேக்க முடியல. எங்காவது இருட்டா இருந்தாத் தேவலைன்னு போய் உக்காந்தேன். என்ன படம்னு கேளு, சத்தியமாத் தெரியாது."

ரேணுகா எழுதினாள். அப்பாவின் தோளில் இருந்த குடத்தை இறக்கினாள், அவர் வாயில் பீடியை வைத்தாள். நல்லவராக இருந்தபோது பக்கம் பக்கமாக நீண்டவர், சிடுசிடுப்பானதும் ஒரு வரியில் நின்றார். கட்டு தானாகவே பாதிக்கு வந்துவிட்டது. எழுத எழுத அவளுக்குக் கையில் ஒரு தெம்பு வந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பக்கம் முடிந்ததும், அம்மாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினாள். மயிலாத்தாள் பாதியில் சிரித்தாள். டிக்கெட் இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இவன்தான்" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது வெட்டினால் வருவது அவர்தான். குறையோடும் கோபத்தோடும், வலது கை இறுக்கும் ரவிக்கையோடும், அவரேதான். வாசலில் கூட்டம் நின்றது. காளிங்கன் குடையைத் தூக்கி, "மொத பஸ்ஸுல சீட்டுப் போட்டு வெக்கச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். சைக்கிள் சுவரோரம் பளபளத்தது.

ரேணுகாவுக்கு அப்பா வேண்டும். அவரை எடுத்துவிட்டால் புத்தகத்தில் அட்டைதான் மிஞ்சும் என்று தெரியும். தெரிந்தும், "புத்தகம் போனாப் போகுதும்மா" என்று டிரிம்மரைத் திறந்தாள்.

மயிலாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இவன் வந்தா செவ்வாக்கெழமை வேலைக்குப் போவான்ல?"

"போவாரும்மா."

"அதே சைக்கிள்லதான? அதே ரோட்டுலதான?"

"நாம சொல்லலாம். போகாதீங்கன்னு சொல்லலாம்மா."

"சொன்னாக் கேக்கற ஆளா அவன்?" மயிலாத்தாளின் பிடி இறுகியது. "மொதல்ல எழுதுனயே, அந்த நல்லவன், அவன் கேட்டிருப்பான். இவன் கேக்க மாட்டான். மணியாச்சு, தள்ளுன்னு சொல்லிட்டுப் போயிருவான். நான் மறுபடியும் கதவைப் புடிச்சுட்டு நிக்கோணும். இன்னொருக்கா என்னால ஆகாது கண்ணு."

அப்போதுதான் அவள் அழுதாள். லாரி தட்டிய அன்றுகூட அப்படி அழவில்லை என்று பின்னால் ருக்மணியக்கா சொன்னாள். ரேணுகா டிரிம்மரை மடக்கி அம்மா கையில் கொடுத்துவிட்டு, அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். காம்பவுண்டு சத்தமில்லாமல் கலைந்து போயிற்று. சைக்கிளைக் காளிங்கன் எடுத்துக்கொண்டார், கேட்டுக்கும் மெஸ்ஸுக்கும் இடையில் ஓட்ட அவருக்கு அது போதும்.

புத்தகம் வந்தது. பதிப்பாளர் எடை பார்த்துத் திருப்திப்பட்டார். வெளியீட்டு விழாவைக் காம்பவுண்டு முற்றத்திலேயே வைத்தார்கள். எஸ்தர் எல்லார் இடது கையிலும் சந்தனம் தடவினாள். அருவிநாடன் மேடையேறி, தான் வெட்டச் சொன்னதால்தான் நாவல் தேறியது என்று முழங்கியபோது, காளிங்கன் எழுந்து கும்பிட்டு நன்றி சொன்னார். அவர் எதற்கு நன்றி சொல்கிறார் என்று பெரிய மனிதருக்கு விளங்கவில்லை.

இப்போதும் தினம் பொழுதோடு அந்த வீட்டிலிருந்து சண்டைச் சத்தம் கேட்கும். மயிலாத்தாள் விளக்கைப் போட்டு, எழுத்துக் கூட்டி, புத்தகத்தை உரக்கப் படிப்பாள். உப்பில்லை என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்தி, "நாக்குல வெச்சுப் பாத்துட்டுச் சொல்லு, அவசரத்துல பொறந்தவனே" என்று பதில் கொடுப்பாள். கை தடித்துவிட்டது என்று அவர் சொன்னால் ரவிக்கைக் கையை இழுத்துக் காட்டுவாள். மற்ற வீடுகளில் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அவர் சைக்கிளை எடுக்கிற பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடி, எழுந்து போய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள்.